சீரான நாடி என்னும் பொய்ச்சான்று

நம்பிக்கை: நாடி ஒரே சீராகத் துடித்தால் இதயம் நலமாக இருக்கிறது.

மணிக்கட்டில் விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு, துடிப்பு தவறாமல் வருகிறது என்ற ஒரே காரணத்தால் இதயத்தில் குறை எதுவும் இல்லை என்று தீர்ப்பு வழங்கும் வழக்கம் வீடுகளிலும் மருந்துக்கடைகளிலும் காலைநடைப் பூங்காக்களிலும் ஊறிப்போயிருக்கிறது. அண்மைக்காலத்தில் இரத்த அழுத்தமானியின் திரையும் கைக்கடிகாரத்தின் பச்சை ஒளியும் இந்த வழக்கத்துக்கு அறிவியல் முலாம் பூசிவிட்டன. எத்தனை முறை மறுத்தாலும் இந்த நம்பிக்கை மீண்டும் தலைதூக்குவதற்குக் காரணம், அதில் பாதி உண்மை இருப்பதே. ஒழுங்கற்ற நாடி சில வேளைகளில் நோயின் அறிகுறி என்பது சரி. அதைத் தலைகீழாகத் திருப்பி, ஒழுங்கான நாடி நோயின்மைக்குச் சான்று என்று கொள்வது தருக்கப் பிழை மட்டுமல்ல, உயிரோடு விளையாடும் பிழையும் ஆகும். ஏனெனில் இதயத்தின் மிகச் சீரான துடிப்புகளுள் சில, அதை இயல்பாக நடத்தும் மையம் ஓய்ந்த பிறகே தோன்றுகின்றன. மருத்துவர்கள் ஜங்ஷனல் ரிதம் என்று குறிப்பிடும் சந்திப்பு லயம் அவ்வகையில் முதன்மையானது.

இதயத் துடிப்பு வழக்கமாகத் தொடங்கும் இடம், வலது மேலறையில் மேற்பெருஞ்சிரை வந்து சேரும் வாயிலின் அருகிலுள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுத்தொகுதியாகும். இதை 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகிய இருவரும் விவரித்தனர். ஓய்வுநிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இங்கே எழும் மின்தூண்டல், மேலறைகளில் பரவி அவற்றைச் சுருங்கச் செய்தபின், மேலறைகளும் கீழறைகளும் கூடும் எல்லையிலுள்ள ஏ.வி. கணுவில் சற்றே தாமதித்து, ஹிஸ் கற்றை என்னும் மின்பாதை வழியே கீழறைகளுக்கு இறங்குகிறது. ஹிஸ் கற்றையை வில்ஹெல்ம் ஹிஸ் 1893இல் கண்டறிந்தார், ஏ.வி. கணுவை ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்த ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஏ.வி. கணுவும் அதை ஒட்டிய ஹிஸ் கற்றையின் தொடக்கப் பகுதியும் சேர்ந்ததே இங்கே சந்திப்பு எனப்படுகிறது.

இந்தச் சந்திப்பிலுள்ள செல்கள் வெறும் கடத்திகள் அல்ல. அவையும் தாமாகவே மின்தூண்டலை உண்டாக்க வல்லவை. அவற்றின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு 40 முதல் 60 என்பதால், அதைவிட விரைவாக வரும் சைனஸ் தூண்டல் ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டு அவற்றைத் தொடக்கநிலைக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே நலமான இதயத்தில் அவற்றின் திறன் வெளியே தெரிவதில்லை. சைனஸ் கணு மந்தமடைந்தாலோ, அதன் தூண்டல் கீழே வந்து சேராமல் தடைபட்டாலோ, இந்தச் செல்கள் தம் வேகத்தில் துடிப்பைத் தொடங்கி இதயம் நின்றுவிடாமல் காக்கின்றன. இதுவே தப்பிப்பு லயம். சந்திப்பும் கைவிட்டால் கீழறைகளே நிமிடத்துக்கு 20 முதல் 40 என்ற நம்பத்தகாத வேகத்தில் துடிக்க முயலும். மாறாக, சந்திப்புச் செல்கள் ஏதேனும் ஒரு காரணத்தால் எரிச்சலுற்று, சைனஸ் கணுவைத் தாமே முந்துவதும் உண்டு. அப்போது வேகம் 60 முதல் 100 வரை இருந்தால் அது விரைவுற்ற சந்திப்பு லயம் என்றும், 100ஐத் தாண்டினால் சந்திப்பு மிகைத்துடிப்பு என்றும் வழங்கப்படும்.

இந்த லயத்தை விரலால் அறிய முடியாது, இ.சி.ஜி. தாளில்தான் அது முகம் காட்டும். இயல்பான துடிப்பில், மேலறைகள் தூண்டப்படுவதைக் குறிக்கும் பி அலை இரண்டாம் லீடு என்னும் பதிவுக்கோணத்தில் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு கீழறைத் துடிப்புக்கும் முன்னதாக வரும். சந்திப்பு லயத்தில் தூண்டல் நடுவிலிருந்து புறப்பட்டு மேலறைகளுக்குப் பின்னோக்கி ஏறுவதால், பி அலை தலைகீழாகி, கீழறை அலைக்கு 0.12 நொடிக்கும் குறைவான இடைவெளியில் முன்னே ஒட்டி நிற்கும், அல்லது அதற்குள் புதைந்து மறையும், அல்லது அதற்குப் பின்னே தோன்றும். கீழறைகளுக்கு இறங்கும் பாதை வழக்கமான பாதையே என்பதால், கீழறைகளின் தூண்டலைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். அலை பெரும்பாலும் குறுகியே இருக்கும். அலைகளுக்கிடையே உள்ள தொலைவு மட்டும், அளவுகோல் வைத்துக் கோடிட்டது போல மாறாமல் இருக்கும்.

அந்த மாறாமையின் காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்த நம்பிக்கை தானாகவே உதிர்ந்துவிடும். சைனஸ் கணு, மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பின் கட்டுப்பாட்டில் நொடிக்கு நொடி இயங்குவது. மூச்சை உள்ளிழுக்கும்போது அது சற்று விரைவதும், மூச்சை விடும்போது சற்றுத் தணிவதும் இயல்பு. இளைஞர்களிடம் இந்த ஏற்றத்தாழ்வு விரலிலேயே தெரியும் அளவுக்கு வெளிப்படையாக இருக்கும். அதற்கு சைனஸ் அரித்மியா என்று பெயர் இருந்தாலும் அது நோயன்று, நரம்பும் கணுவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதன் அடையாளம். சந்திப்புச் செல்கள் இந்த நரம்புக் கட்டுப்பாட்டுக்கு அந்த அளவுக்கு உட்பட்டவை அல்ல. ஒவ்வொரு செல்லும் மெல்ல மெல்ல மின்னேற்றம் மாறி, குறிப்பிட்ட எல்லையைத் தொட்டதும் துடித்து, மீண்டும் அதே வேகத்தில் தொடங்குவதால், மூச்சும் அசைவும் அதன் தாளத்தை அவ்வளவாக அசைப்பதில்லை. மின்வாரிய இணைப்பு அறுந்த வீட்டில் இன்வெர்ட்டரின் துணையில் மின்விசிறி ஒரே வேகத்தில் சுழல்வதைப் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது என்று மகிழ்வது எத்தகைய அறிவோ, சந்திப்பின் சீரான துடிப்பைத் தொட்டுப் பார்த்து இதயம் நலம் என்று மகிழ்வதும் அத்தகையதே.

இதற்கு மறுக்க முடியாத சான்று, மாற்று அறுவை சிகிச்சையால் பொருத்தப்பட்ட இதயம். கொடையாளரின் இதயம் எடுக்கப்படும்போது வேகஸ் நரம்பின் இழைகள் துண்டிக்கப்படுவதால், புதிதாகப் பொருத்தப்பட்ட இதயம் ஓய்வில்கூட நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 110 வரை, மூச்சோடு எந்தத் தொடர்பும் இன்றி, மிகச் சீராகத் துடிக்கிறது. அங்கே சீர்மை நலத்தைக் காட்டவில்லை. நரம்பின் இழப்பைக் காட்டுகிறது. இன்னும் சான்று வேண்டுவோர், மேலறையின் தூண்டல் எதுவுமே கீழிறங்காத முழுமையான ஹார்ட் பிளாக்கில் நாடி சீராகத் துடிப்பதையும், மேலறைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை துடித்து ஒன்றுவிட்டு ஒன்று கீழிறங்கும் ஏட்ரியல் ஃபிளட்டரில் நாடி சீராக 150இல் நிற்பதையும், உயிருக்கு நேரடி ஆபத்தான கீழறை மிகைத்துடிப்புகூடப் பெரும்பாலும் சீராகவே ஓடுவதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நம்பிக்கை மிகக் கடுமையாகத் தீங்கு செய்யும் இடம் ஒன்று உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது மேலறைகள் தாறுமாறாகத் துடிதுடித்து, நாடி முற்றிலும் ஒழுங்கற்றுப் போகும் நிலை. கீல்வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடமும் முதியவர்களிடமும் இது மிகுதி. இத்தகையோரில் ஒரு பகுதியினருக்கு நாடியின் வேகத்தைக் குறைக்க டைகாக்சின் மாத்திரை தரப்படுகிறது. 1785இல் வில்லியம் விதரிங் விவரித்த ஃபாக்ஸ்குளோவ் செடியின் மரபிலிருந்து வந்த இந்த மருந்தில், பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அளவு மிஞ்சும்போது டைகாக்சின் இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்கிறது: மேலறையின் தாறுமாறான தூண்டல்கள் ஏ.வி. கணுவைக் கடக்க விடாமல் தடுக்கிறது. அதே நேரத்தில் சந்திப்புச் செல்களைத் தூண்டிவிடுகிறது. விளைவாக, ஆண்டுக்கணக்கில் ஒழுங்கற்றிருந்த நாடி திடீரென்று 70 அல்லது 80 என்ற அழகான எண்ணில், துளியும் பிசகாமல் துடிக்கத் தொடங்குகிறது. இதயம் குணமாகிவிட்டது என்று வீடு கொண்டாடும் அந்த நாளில் நோயாளியின் உடலில் நடந்துகொண்டிருப்பது மருந்து நஞ்சாக மாறும் நிகழ்ச்சி.

அந்த நாளுக்கு முன்பே உடல் எச்சரித்திருக்கும். எச்சரிக்கையைத்தான் யாரும் கேட்பதில்லை. பசியின்மை, குமட்டல், வாந்தி, மனக்குழப்பம், பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவை டைகாக்சின் மிகையின் அடையாளங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இவை வந்தால் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று இஞ்சிச் சாறு கொடுத்துவிட்டு அடுத்த வேளை மாத்திரையையும் தவறாமல் கொடுப்பதுதான் நடக்கிறது. சிறுநீரகத்தின் திறன் குறைந்தவர்களிடம் டைகாக்சின் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. வீக்கம் வடியத் தரப்படும் ஃபுருசமைடு போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தைச் சிறுநீரில் இழக்கச் செய்து நஞ்சின் வீச்சைக் கூட்டுகின்றன. அமியோடரோன், வெரபமில், கிளாரித்ரோமைசின் ஆகிய மருந்துகள் இரத்தத்தில் டைகாக்சின் அளவை உயர்த்துகின்றன. ஒழுங்கற்றிருந்த நாடி ஒழுங்குக்கு வருவது உண்மையிலேயே சைனஸ் துடிப்பு மீண்டதாலும் இருக்கலாம் என்பதால் பதற வேண்டியதில்லை. ஆனால் இரண்டில் எது என்பதை இ.சி.ஜி. மட்டுமே சொல்லும் என்பதால், அன்றைய தினமே அதை எடுக்காமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் இதே அளவுக்குத் தவறு.

இதன் மறுபக்கமாக, பொட்டாசியம் மிகுவதாலும் இந்த லயம் தோன்றும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரையோடு, பொட்டாசியத்தைத் தேக்கும் டெல்மிசார்ட்டன் அல்லது ஸ்பைரனோலாக்டோன் உட்கொள்ளும் முதியவர் ஒருவருக்குக் கோடையில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், நீரிழப்பால் சிறுநீரகம் தளர்ந்து பொட்டாசியம் இரத்தத்தில் தேங்குகிறது. தேங்கிய பொட்டாசியமும் பீட்டா தடுப்பு மாத்திரையும் சேர்ந்து சைனஸ் கணுவை அமிழ்த்த, இதயம், தானும் தளர்ந்துபோன சந்திப்பின் தயவில் 40க்கும் கீழே இறங்குகிறது. மெதுவான துடிப்பால் சிறுநீரகத்துக்கு இரத்தம் மேலும் குறைந்து, பொட்டாசியம் மேலும் ஏறுகிறது. களைத்துக் கிடக்கும் அந்த முதியவருக்கு, தெம்பு வரட்டும் என்று பொட்டாசியம் நிறைந்த இளநீரைக் கொடுப்பவர்களும், நாடி சீராகத்தானே இருக்கிறது என்று மறுநாள் வரை காத்திருப்பவர்களும், அன்பின் பெயரால் அந்தச் சுழலை இறுக்குகிறார்கள்.

கருவிகளை நம்புவோருக்கும் ஒரு சொல் உண்டு. இரத்த அழுத்தமானியில் ஒழுங்கற்ற துடிப்புக்கான குறியீடு தோன்றாதது, துடிப்புகளுக்கிடையே இடைவெளி மாறவில்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. துடிப்பு எங்கிருந்து புறப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. கைக்கடிகாரங்களின் கணிப்புமுறை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை இனங்காண்பதற்காக, முதன்மையாக இடைவெளிகளின் ஒழுங்கின்மையைத் தேடும்படி அமைந்தது. ஒழுங்கே உருவான சந்திப்பு லயம் அந்தச் சல்லடையில் சிக்காமல் நழுவிவிடக்கூடும். தேடாத ஒன்றைக் கருவி கண்டுபிடிக்கவில்லை என்பதை நலத்தின் சான்றாகக் காட்டுவது கருவியின் குற்றமன்று, காட்டுபவரின் குற்றம்.

துடிப்பின் பிறப்பிடத்தை அலைகளைக் காணாமல் ஊகிப்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு இதயவியலின் வரலாறே சாட்சி. இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் பொதுமருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்கன்சி, கழுத்துச் சிரையின் அலைகளையும் மணிக்கட்டு நாடியையும் ஒருசேரப் பதிவு செய்யும் பாலிகிராஃப் கருவியை உருவாக்கி, லயக் கோளாறுகளின் ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர். மேலறை சுருங்குவதைக் காட்டும் சிரை அலை சில நோயாளிகளிடம் மறைந்துபோனதைக் கண்ட அவர், துடிப்பு ஏ.வி. கணுவிலிருந்து எழுகிறது என்று முடிவுசெய்து, அதற்குக் கணு லயம் என்றே பெயரிட்டார். அந்த நோயாளிகளுக்கு இருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பதை 1909இல் தாமஸ் லூயிஸ், ஐந்தோவன் உருவாக்கிய இழை மின்மானியின் துணையோடு நிறுவினார். நாடியைப் படிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட மேதை ஒருவர், கருவியும் கையுமாக இருந்தே இந்த இடத்தில் தவறியிருக்கிறார் என்றால், மூன்று விரல்களும் அரை நிமிடமும் போதும் என்று சொல்வோரின் துணிச்சலை என்னவென்பது!

சந்திப்பு லயத்தைப் பற்றி எஞ்சியிருக்கும் நம்பிக்கைகள் இவ்வளவு இடத்துக்குத் தகுதியற்றவை.

நம்பிக்கை: அறிக்கையில் ஜங்ஷனல் ரிதம் என்று வந்தால் பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும்.
உண்மை: நீண்டகாலம் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களிடம், வேகஸ் நரம்பின் ஆதிக்கத்தால், ஓய்விலும் உறக்கத்திலும் இந்த லயம் தோன்றி, எழுந்து நடந்ததும் மறைவது உண்டு, அதற்குச் சிகிச்சையே தேவையில்லை. மருந்து, பொட்டாசியம், தைராய்டு குறைபாடு போன்ற நீக்கத்தக்க காரணங்கள் இருந்தால் அவற்றை நீக்குவதே சிகிச்சை. நீக்க முடியாத காரணத்தால் மயக்கமும் தளர்ச்சியும் தொடரும்போதும், ஏ.வி. கணுவின் பாதை நிலையாகத் துண்டிக்கப்பட்டபோதும்தான் பேஸ்மேக்கர் பேச்சுக்கு வருகிறது.

நம்பிக்கை: இது இரத்தக்குழாய் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும்.
உண்மை: லயம் மின்பாதையின் செய்தி, அடைப்பு குழாயின் செய்தி. இரண்டும் சேர்ந்து வரும் சூழல் ஒன்று உண்டு: ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு ஏ.வி. கணுவுக்கு வலது கரோனரித் தமனியே இரத்தம் ஊட்டுவதால், இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு நேரும்போது சந்திப்பு லயம் தற்காலிகமாகத் தோன்றலாம். ஆகவே மார்புவலியோ குளிர்வியர்வையோ இருந்தால் விவாதத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

நம்பிக்கை: நாடி 72ஆக இருந்தால்தான் இயல்பு.
உண்மை: 72 ஒரு சராசரி, சட்டமன்று. விரைவுற்ற சந்திப்பு லயமும் 72இல் துடிக்கக்கூடும்.

நம்பிக்கை: சீராக இருப்பதால் இந்த லயத்தால் உடலுக்கு எந்தத் தொல்லையும் வராது.
உண்மை: மேலறைகள் உரிய நேரத்தில் சுருங்கிக் கீழறையை நிரப்புவது, நிரம்பும் இரத்தத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டைத் தருகிறது. சந்திப்பு லயத்தில் இந்த ஒத்திசைவு குலைவதால், விறைத்த இதயம் உடைய முதியவர்களுக்குக் களைப்பும் தலைச்சுற்றலும் வரலாம். மூடிய வால்வின்மேல் மேலறை சுருங்கும்போது இரத்தம் பின்னோக்கி எகிறி, கழுத்துச் சிரை துள்ளுவதையும் சிலர் உணர்வர்.

நம்பிக்கை: இது முதியோர் நோய்.
உண்மை: பிறவி இதயக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்ட கைக்குழந்தைகளிடம் முதல் சில நாட்களில் தோன்றும் சந்திப்பு மிகைத்துடிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அஞ்சும் சிக்கல்களில் ஒன்று, குழந்தையின் உடலைச் சற்றே குளிர்வித்தும் அமியோடரோன் கொடுத்தும் அதைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இத்தனை நம்பிக்கைகளுக்கும் பொதுவான மருந்து ஒன்றுதான்: தாளில் பதிந்த அலைகள். இங்கேயும் ஓர் அலட்சியம் இடைமறிக்கிறது. வழக்கமான பன்னிரண்டு லீட் இ.சி.ஜி.யில் ஒவ்வொரு லீடுக்கும் 2.5 நொடியே கிடைக்கிறது. நிமிடத்துக்கு 40 முறை துடிக்கும் இதயம் 1.5 நொடிக்கு ஒருமுறையே துடிப்பதால், அந்தத் துண்டில் ஒன்றோ இரண்டோ துடிப்புகள்தான் விழும். ஒன்றிரண்டு துடிப்பை வைத்து லயத்தைப் பேசுவது, பல்லவியின் முதல் சொல்லை மட்டும் கேட்டு இராகத்தைத் தீர்மானிப்பதைவிடக் கேடானது. தாளின் அடியில் இரண்டாம் லீடை 10 நொடி முழுவதும் ஓடவிடும் லயப் பட்டை இருந்தால்தான் பி அலை எங்கே நிற்கிறது, இடைவெளி மாறுகிறதா, மேலறையும் கீழறையும் தனித்தனியாக ஓடுகின்றனவா என்பவற்றைச் சொல்ல முடியும். அந்தப் பட்டையைக் காகிதம் மிச்சப்படுத்துவதற்காக வெட்டிவிடும் பரிசோதனை நிலையங்கள் நோயாளிக்குத் தருவது அறிக்கையன்று, பற்றுச்சீட்டு. நாடி 50க்குக் கீழே இருக்கும் எவரும், டைகாக்சின் உண்ணும் எவரும், நீண்ட பட்டையைக் கேட்டு வாங்கும் உரிமை உடையவர்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்துக்கு மறுமுறை போக வேண்டியதில்லை.

அடுத்தது பழைய தாளைக் காத்தல். இன்றைய லயம் புதிதா பழையதா என்பதை, சென்ற ஆண்டின் இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவரால் நொடியில் சொல்ல முடியும். ஆனால் வெப்பத்தாளில் அச்சாகும் பதிவுகள் சில ஆண்டுகளில் மங்கிவிடுகின்றன, அவற்றைப் பாதுகாப்பதாக எண்ணி லேமினேட் செய்பவர்களோ சூட்டில் தாள் முழுவதையும் கருக்கிவிடுகிறார்கள். எடுத்த அன்றே ஓர் ஒளிநகல், கைபேசியில் ஒரு படம், அதனோடு உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல், கடைசியாகப் பார்த்த பொட்டாசியம், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவுகள் ஆகிய நான்கையும் ஒரே உறையில் வைத்திருக்கும் குடும்பம், நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குள் நுழையும்போது மருத்துவரின் பாதி வேலையை முடித்துக்கொண்டே நுழைகிறது. நாடியைப் பார்ப்பதை யாரும் விட வேண்டியதில்லை. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணி, எண்ணிக்கையையும் நாளையும் குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பு மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். தீர்ப்பு எழுதும் வேலை அவருடையது.